ஒரே மாதத்தில் பிறந்தவர்கள்

ரதோயேயின் இடது காலில் குதிரைக்குப் போடும் இரும்பு விலங்கைப் பூட்டியபோது ஸ்தாமேனா அத்தை அழவில்லை. சவப்பெட்டிக்கு வெளியே அந்தக் காலை மட்டும் எடுத்து வைத்திருந்தாள். விலங்கின் மறுமுனையை, பக்கத்தில் நின்ற அவன் அண்ணன் மிலுனின் காலில் பூட்டிவிட்டு, சாவியை மிலுனின் சிநேகிதன் திஹோமிரிடம் நீட்டினாள்.

"வருஷம் வேறன்னாலும் ஒரே மாசத்துல பொறந்தவங்க. ஒருத்தன் போனா இன்னொருத்தனையும் கூட இழுத்துக்குவான். மிலுன் மூணு தடவ கூப்பிடுவான். மூணாவது முடியறதுக்குள்ள வெளியாள் ஒருத்தர் பதில் சொல்லித் தெறந்து விடணும். சொந்தக்காரங்க நாங்க தொடக் கூடாது. குடிச்சிருக்கியா?"

"ரெண்டே மடக்கு அத்தை. கை நடுங்காம இருக்க."

"அப்பவும் நடுங்குதே."

மூலையில் விதோசாவா முக்காலியில் கேமராவைப் பொருத்திக்கொண்டிருந்தாள். நகர அருங்காட்சியகத்தின் காப்பாளர் அவள். மறைந்துபோகும் சடங்குகளைப் படமெடுக்க, வருடக்கணக்காக இந்த மலை ஊர்களில் அலைகிறவள். இந்தச் சடங்கைக் கேள்விப்பட்டிருந்தாளே தவிர, பார்த்தேன் என்று சொன்னவர்கள்கூட யாரும் இப்போது உயிரோடு இல்லை. கடைசியில் அது ரதோயேயின் சாவில்தான் கிடைக்க வேண்டுமா?

அவளுடைய முக்காலியைத் தோளில் சுமந்து ஊர் ஊராக வந்தவன் ரதோயே. கேமராவை இயக்கக் கற்றுக்கொண்டான். ஆனால் அவன் எடுத்தால் படம் இடப்பக்கம் சாய்ந்தே வரும்.

"உன் படத்துல எல்லாரும் மலைச்சரிவுலதான்டா கல்யாணம் பண்ணிக்கிறாங்க" என்று அவள் கேலி செய்வாள்.

"உங்க கல்யாணத்த நேரா எடுப்பேன் அண்ணி. வேற எவனையும் கூப்பிட்டுடாதீங்க."

அவன் அண்ணி என்று கூப்பிட்டபோதெல்லாம் மிலுன் சிரித்துக்கொண்டு வேறு எங்கோ பார்ப்பான். அறுவடை முடிந்ததும் திருமணம் என்று நாள்கூடப் பார்த்தாகிவிட்டது. நேற்றுக் காட்டில் வெட்டிய மரம் தவறான பக்கம், ரதோயேயின் மேல் சாய்ந்தது.

அத்தை அவள் காதருகே வந்தாள். "தெறந்து விடறவங்க கடவுள் சாட்சியா கூடப்பொறந்தவங்க ஆயிடுவாங்க. அப்புறம் அந்த உறவுக்குள்ள கல்யாணப் பேச்சே கூடாது. என்ன நடந்தாலும் நீ கேமரா பின்னாடியே நில்லு, மருமகளே."

விதோசாவா தலையசைத்தாள். கேமராவின் கைப்பிடியைச் சுழற்றி, அதை ஓட்டும் ஸ்பிரிங்கை முறுக்கினாள். ஒரு முறுக்குக்கு அரை நிமிடம்தான் ஓடும். திரும்ப முறுக்க வேண்டும். பொத்தானை அழுத்தினாள்.

"திஹோமிர், கடவுள் பேரால என் கூடப்பொறந்தவனா ஆகு. என்ன இந்த விலங்குலேருந்து விடு" என்று மிலுன் அழைத்தான்.

திஹோமிர் வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. அவன் விலங்கின் சங்கிலியையே பார்த்துக்கொண்டிருந்தான். தரையில் தொய்ந்து கிடந்த சங்கிலி மெல்ல மேலே எழுந்தது.

மிலுன் இரண்டாம் முறை அழைத்தான். தண்ணீருக்கடியிலிருந்து பேசுவதுபோல் இருந்தது. அவன் பாதம் பலகைத் தரையில் கோடிழுத்துக்கொண்டு பெட்டியை நோக்கி நகர்ந்தது. திஹோமிரின் கையிலிருந்து சாவி விழுந்தது.

"பதில் சொல்லித் தொலைடா" என்றாள் அத்தை.

திஹோமிர் சுவரோடு சாய்ந்து நின்றான்.

"கடவுள் பேரால..." மிலுன் மூன்றாவது முறை தொடங்கினான். கேமராவின் சின்னச் சதுரத்துக்குள் அவன் உதடுகள் நீலம் பாரித்தன. அந்தச் சதுரத்துக்குள் விதோசாவா ஒருநாளும் நுழைந்ததில்லை.

"இதோ வந்துட்டேன், அண்ணா" என்றாள்.

அவள் போய் மண்டியிட்டுச் சாவியை எடுத்தாள். துருப்பிடித்த பூட்டு லேசில் திறக்கவில்லை. அவள் தலைக்கு மேலே மிலுனின் மூச்சு அறுந்து அறுந்து வந்தது. ஒருவழியாக விலங்கு கழன்றுகொண்டதும் சங்கிலி சரிந்து தரையில் விழுந்தது. அவன் தடுமாற, அவள் எழுந்து தோள் கொடுத்தாள். அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து, அப்போதுதான் அழத் தொடங்கினாள்.

அந்த அழுகைக்கு நடுவே, பின்னால் கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருப்பது விதோசாவாவுக்குக் கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் நின்றுவிட்டது.

படச்சுருள் கழுவி வந்த அன்று மிலுன் ஒரு பை வாதுமைக் கொட்டையோடு அருங்காட்சியகத்துக்கு வந்தான். நாற்பதாம் நாள் படையலுக்கு உடைத்தது போக மிச்சம் என்றான். அவள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படத்தை ஓட்டினாள்.

ஊமைப் படம். அவள் சதுரத்துக்குள் நுழைகிறாள், மண்டியிடுகிறாள். சட்டென்று திரையில் ஒரு வெள்ளை மின்னல்.

"இது என்னது?"

"நின்ன கேமராவ முறுக்கித் திரும்ப ஓட விட்டா அப்படித்தான் மின்னும்."

"யாரு முறுக்கினா?"

அவள் திரையிலிருந்தவர்களை எண்ணினாள். அன்று வீட்டிலிருந்த எல்லோரும் அதில் இருந்தார்கள். அத்தை, வாயைப் பொத்திய திஹோமிர், மிலுன், அவள். எல்லோரும் இடப்பக்கம் சாய்ந்து, மலைச்சரிவில் நிற்பதுபோல் நின்றார்கள்.

விலங்கு கழன்றது. மீண்டும் ஒரு மின்னல். இப்போது திரையில் மிலுனும் அவளும் மட்டும், தோளோடு தோளாக. சாய்ந்திருந்த படம் யாரோ பொறுமையாகத் திருகித் திருகிச் சரிசெய்வதுபோல் மெதுவாக நிமிர்ந்து, நேராக நின்றது. அப்படியே வெகுநேரம் ஓடிற்று.

"நேரா எடுத்துட்டான்" என்றான் மிலுன்.

"ஆமாம்" என்றாள். அதன் பிறகு சொல்ல வேண்டிய சொல் அன்று தயங்காமல் வந்தது. இப்போதோ சுருள் தீர்ந்து திரை வெள்ளையாகும்வரை காத்திருந்து, சொன்னாள்.

"ஆமாம் அண்ணா."