பொற்கொடிக்கு எந்தப் பேட்?

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை ஒரு பல் டாக்டரின் வரவேற்பறையிலிருந்து திருடினேன். தொண்ணூற்றாறில், காந்திபுரத்தில், கன்னம் வீங்கிக் காத்திருந்தபோது ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை கையில் கிடைத்தது. கடலலை மேல் பலகையில் நின்று சறுக்குகிறார்களே, அதைப் பற்றிய கட்டுரை. பல வருடம் விட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்களாம். இப்போதிருக்கும் உடம்புக்குப் பலகை வாங்காமல் அந்தக் காலத்து உடம்புக்கு வாங்கிவிடுகிறார்களாம். அட, இது கதையாயிற்றே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கோயம்புத்தூரில் கடல் இல்லை. அதனாலென்ன, பூப்பந்து இருக்கிறது. மஞ்சள் கம்பளிப் பந்து, மரப் பேட், பக்கத்துக்கு ஐந்து பேர். பலகையைப் பேட்டாக்கிவிட்டேன்.

2.

‘பொற்கொடி கடைக்குள் நுழைந்தபோது மழை...’

வேண்டாம். மழையில் தொடங்கும் கதைகளை நானே படிக்க மாட்டேன்.

‘பதினாறு வருடம் கழித்து அந்தப் பறவை மீண்டும்...’

சேச்சே. பறவையாம்! (கோடு போட்டு அடித்ததை அப்படியே விட்டிருக்கிறேன். நான் எவ்வளவு மோசமாக எழுதக்கூடியவன் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.)

நேராகவே சொல்கிறேன். பொற்கொடிக்கு முப்பத்தெட்டு வயது. சூலூரிலிருந்து பஸ் ஏறி, பீளமேட்டில் ஒரு மோட்டார் கம்பெனிக்குச் செம்புக் கம்பி சுற்ற வருகிறாள். கல்யாணத்துக்கு முன்பு மாவட்ட அணியில் பின்வரிசையில் நின்று விளாசியவள். கல்யாணத்தோடு ஆட்டம் நின்றது. இப்போது கம்பெனியின் பெண்கள் அணியில் ஓர் இடம் காலி. ஞாயிற்றுக்கிழமை ஆடவிட்டுப் பார்த்து ஆள் எடுப்பார்கள். அந்த இடம் அவளுக்கு வேண்டும். ஆசை என்று நாசூக்காகச் சொல்ல மாட்டேன், வெறி.

3.

விளையாட்டுச் சாமான் கடை நரசிம்மலுவுடையது. அவரும் பழைய ஆட்டக்காரர்.

“ஏனுங்ணா, நல்லா கனமான பேட்டா ஒண்ணு குடுங்க. நரம்பு டைட்டா இருக்கோணும். நான் அடிச்சா பந்து பிஞ்சு போகோணும்.”

நரசிம்மலு அவள் தோளைப் பார்த்தார். இந்தக் கை அந்தக் கனத்தைத் தாங்காது என்று தெரிந்துவிட்டது. வேறு ஊராக இருந்தால் சொல்லியிருப்பார். எங்கள் ஊரில் ஒருவரைப் பார்த்து ‘உங்களால் முடியாது’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட முடியுமா?

“தாராளமா எடுத்துக்குங்க அம்மணி. உங்க கைக்குன்னே வந்த பேட்டுங்க.”

என் திட்டப்படி அவள் அதை வாங்கிக்கொண்டு போய் ஞாயிற்றுக்கிழமை அவமானப்பட வேண்டும். கட்டுரையும் அதைத்தானே சொன்னது. ஆனால் பொற்கொடி கட்டுரை படிக்கிறவள் இல்லை.

“ஒருவாட்டி ஆடிப் பாத்துப்போட்டு வாங்கறேனுங்ணா.”

கடைக்குப் பின்னால் சந்து. நரசிம்மலு பந்தைப் போட்டார். அடித்தாள். இன்னொன்று, அதையும் அடித்தாள். போட்ட ஐந்து பந்தும் பேட்டில் பட்டன. சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

“அண்ணா, நீங்க மரியாதைக்குப் போடறீங்க.”

“அப்படியெல்லாம் இல்லீங் அம்மணி...”

“நெசமா போடுங்க. ஞாயித்துக்கெழம அங்க எவளும் எனக்கு மரியாதைக்குப் போட மாட்டா.”

அவர் வேட்டியை மடித்துக் கட்டி, தானும் ஒரு பேட்டை எடுத்துக்கொண்டு ஓங்கி அடித்தார். அவள் பேட் பாதி உயரம் வருவதற்குள் பந்து சுவரில் மோதியது. மறுபடியும் அப்படியே. மூன்றாவது முறையும்.

“பயமா இருக்குதுங்ணா. எல்லாரும் சிரிச்சுப்போடுவாங்க” என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நரசிம்மலு குனிந்து பந்தைப் பொறுக்கினார். அவளே கடைக்குள் போய் இருப்பதிலேயே லேசான பேட்டை எடுத்து வந்தாள்.

“தோளு போச்சுங்ணா. மணிக்கட்டு* இருக்குது. இத்தன வருசம் கம்பி சுத்தி அது மட்டும் கெட்டியாயிருச்சு. போடுங்க.”

அவர் ஓங்கி அடித்தார். அவள் நின்ற இடத்திலிருந்தே மணிக்கட்டைத் திருப்பினாள். பந்து திரும்பிப் போய் அவர் காலடியில் பொத்தென்று விழுந்தது.

“அடேங்கப்பா!” என்றார். இது மரியாதைக்குச் சொன்னதல்ல.

(* சத்தியமாக இது என் திட்டத்தில் இல்லை. மூன்று பக்கம் கம்பி சுற்ற வைத்துவிட்டு, அந்தக் கையைப் பார்க்காமலேயே இருந்திருக்கிறேன். அந்தப் பக்கங்களைப் பிறகு வெட்டிவிட்டேன்.)

4.

முடிவு ஒன்று: அவள் ஜெயிக்கிறாள், கம்பெனியே எழுந்து நின்று கைதட்ட...

எழுத எழுத இனித்தது. அப்புறம்தான் புரிந்தது, நானும் அவளுக்கு மெதுவாகத்தான் பந்து போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த முடிவை அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: தோற்றாலும் புன்னகைத்தபடி...

தோற்றுவிட்டுப் புன்னகைக்கிற ஆட்டக்காரியை நான் பார்த்ததில்லை. அதையும் அடித்தாயிற்று.

லேசான பேட்டை வாங்கிவிட்டாள், அது உறுதி. இனி தோள் பலம் வேண்டாத முன்வரிசையில்தான் நிற்பாள், அதுவும் உறுதி. மற்றது உங்கள் பாடு. வாருங்கள், வலைக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள். சர்வீஸ் உங்களுடையது. முப்பத்தெட்டு வயசு, பாவம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். முதல் பாயிண்டே போய்விடும், சொல்லிவிட்டேன்.