சிவந்த முகத்து ஐயாவின் பெண்

மலையடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மூங்கில் கோல் விற்கிறவள் ஒருத்தி லுவாவின் பையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோல் வாங்கிக்கோ அக்கா. ஏறும்போது வேணாம்னு போறவங்கதான் எறங்கும்போது என்னைத் தேடிக்கிட்டு வர்றாங்க."

"அம்மாவுக்கு முட்டி வலி. நாங்க ரோப் கார்ல போறோம்."

"ஒக்காந்துக்கிட்டே போனா சாமி பாதிப் புண்ணியம்தான் குடுப்பாரு."

"பாதி வந்தாலே போதும். எனக்கு இதுவரைக்கும் அதுவும் வரல."

கோல்காரி சிரித்துக்கொண்டே பையை விட்டாள். லுவாவின் அம்மா மியென் சிரிக்கவில்லை. வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு மலையைப் பார்த்தாள். மலை தெரியவில்லை. டெட் புத்தாண்டு முடிந்த கையோடு வருகிற தூறல், விழுகிறதா நின்றுவிட்டதா என்றே தெரியாத தூறல், பாதி மலைக்கு மேல் எல்லாவற்றையும் மூடியிருந்தது. கோயில் அதற்கும் மேலே இருந்தது.

லுவாவின் பையில் வாழையிலையில் கட்டிய ஒட்டரிசிச் சோறு இருந்தது. ஒரு சீப்பு வாழைப்பழம், பாக்கு, வெற்றிலை, மஞ்சள் சாமந்தி, தங்கக் காகிதம். எல்லாம் அவளே பார்த்துப் பார்த்து வாங்கியது. தன்னை மீட்கிற தட்டுக்குத் தானே சாமான் வாங்கியவள் இந்த நாட்டில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

வருஷத்துக்கு ஒரு மிருகம் என்ற ஊர்க் கணக்கில் லுவா பிறந்தது புலி வருஷம். தம்பி கியெம் பாம்பு வருஷம். சின்ன வயதில் இருவருக்கும் அம்மை போட்டு, பிழைப்பார்களா என்று இருந்தபோது அப்பாவும் அம்மாவும் இந்த மலைக்கு ஏறி வந்தார்கள். முன்மண்டபத்தில் சிவந்த முகத்தோடு உட்கார்ந்திருக்கும் காவல் ஐயா டுக் ஓங்கிடம் இரண்டு பிள்ளைகளையும் விற்றார்கள். நோஞ்சான் பிள்ளைகளை அப்படி விற்பது ஊர் வழக்கம்தான். பிள்ளை வீட்டில் வளரும், ஆனால் அது ஐயாவின் பிள்ளை. நோய் நொடி கிட்டே வராது. வளர்ந்ததும் பெற்றவர்கள் ஒரு தட்டு வைத்து, எங்கள் பிள்ளையை எங்களிடம் கொடுத்துவிடு என்று கேட்டு மீட்டுக்கொள்வார்கள்.

மீட்க வந்த நாள் லுவாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அப்போதெல்லாம் ரோப் கார் கிடையாது. அடிவாரத்து டீக்கடையில் அப்பா சைக்கிளை நிறுத்தினார். "ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லிட்டு வந்துர்றோம். நீ சைக்கிளைப் பாத்துக்க" என்றாள் அம்மா. கியெம் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினான். அவர்கள் சாயங்காலம் இறங்கி வந்தபோது அம்மா அவளுக்குக் கோயில் பிரசாதமாக ஒரு வாழைப்பழம் கொடுத்தாள். தன்னையும் மீட்டாயிற்று என்று நினைத்து அந்தப் பழத்தைத் தோலில் ஒட்டிய நார்வரை சுரண்டித் தின்றாள் லுவா.

போன வாரம் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். தைவானில் யார் யாருடைய கிழவர்களையோ குளிப்பாட்டி, துடைத்து, தூக்கி உட்காரவைத்து, அதில் வந்ததை வீட்டுக்கு அனுப்பி, அந்தப் பணத்தில் இரண்டு மாடி வீடு எழும்பியதைப் போட்டோவில் பார்த்து, கடைசியில் இடுப்பு போனதும் ஊருக்குத் திரும்பியிருந்தாள். புத்தாண்டன்று அப்பாவின் படத்துக்கு ஊதுவத்தி ஏற்றப் போனபோது, அரிசிச் சாராயம் ஏறியிருந்த கியெம் பின்னாலிருந்து சொன்னான்.

"அக்கா, பாத்து ஏத்து. அப்பா யாரு இதுன்னு கேக்கப்போறாரு. உன்னை மீட்கவே இல்லையே. நீ இன்னும் கோயில் சொத்துதான்."

பந்தியில் உட்கார்ந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். லுவாவும் சிரித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தாள். அம்மா பாக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. அப்போதுதான் லுவாவுக்கு அது நிஜம் என்று புரிந்தது.

அதன் பிறகு அவள் அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஏன் மீட்கலன்னு கேக்க மாட்டேன். இப்ப வந்து மீட்டுரு. எனக்குப் புருஷன் இல்ல, பிள்ளை இல்ல. செத்தா யார் வீட்டுல எனக்கு ஊதுவத்தி ஏத்துவாங்க? உன் பொண்ணுன்னு ஒரு வார்த்தை அங்க சொல்லிட்டு வந்துரு."

அம்மா சரி என்றாள்.

ரோப் காரில் அவர்களுக்கு எதிரே ஓர் இளம்பெண்ணும் அவள் பையனும் உட்கார்ந்தார்கள். பையன் கண்ணாடியை நக்கினான். அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். பையன் அழவில்லை, அடுத்த பக்கக் கண்ணாடியை நக்கப் போனான்.

"நீ என்னை ஒரு தடவைகூட அடிச்சதில்லம்மா," என்றாள் லுவா. தைவானில் கூட வேலை பார்த்தவர்களிடம் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொருத்தியும் அம்மா போட்ட சூடு, விளக்குமாற்று அடி என்று கதை சொல்லும்போது, எங்கம்மா என் மேல கையே வச்சதில்ல என்று அவள் சொல்வாள். "கியெமைத்தான் துவைச்சு எடுப்ப."

"அவன் படிக்க மாட்டான்," என்றாள் அம்மா வெளியே பார்த்தபடி. வெளியே பார்க்க வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை.

கோயில் மிகப் பழையது. மரத்தூண்கள் புகையேறிக் கறுத்திருந்தன, வாசற்படிகள் நடுவில் குழிந்திருந்தன. கூட்டம் முழங்கையால் இடித்துக்கொண்டு புத்தர் இருக்கும் உள்மண்டபத்துக்குப் போனது. டுக் ஓங் ஐயா அவர் பாட்டுக்கு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சிவந்த முகம், கறுத்த தாடி. லுவா அவரை முதல் தடவையாகப் பார்த்தாள். இத்தனை வருஷம் தன்னை வைத்திருந்தவர் இவரா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

பழுப்பு உடை போட்ட துறவியம்மா ஒருத்தி தட்டை வாங்கி வைத்தாள்.

"யாரை மீட்கணும்?"

"என்னைத்தான்," என்றாள் லுவா.

துறவியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "கொஞ்சம் லேட்டு. பரவால்ல, போன வருஷம் பேரன் எடுத்தவர் ஒருத்தரை மீட்டாங்க. வித்தவங்கதான் கேட்டு வாங்கணும். அம்மாவா? ஒக்காருங்கம்மா. பேரு, ஊரு, பொறந்த வருஷம் எல்லாம் தெளிவாச் சொல்லுங்க. சொல்லலன்னா ஐயாவுக்கு யாரைத் திருப்பித் தர்றதுன்னு தெரியாது." பிறகு லுவாவைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னிலேருந்து உங்கம்மா உன்னைத் திட்டலாம், அடிக்கலாம். இத்தனை நாள் ஐயா பிள்ளைன்னு கை வைக்க பயந்திருப்பாங்க."

லுவா தானும் சிரிக்க வாயெடுத்தாள். சிரிப்பு வரவில்லை.

அம்மா மண்டியிட்டு, கைகூப்பி, மற்றவர்களைப் போலவே முணுமுணுக்கத் தொடங்கினாள். பக்கத்தில் லாட்டரி கேட்கிறவர், மருமகளுக்குக் குழந்தை கேட்கிறவள், கடை வைக்க இடம் கேட்கிறவன், எல்லார் பெயரும் ஊரும் ஒன்றோடொன்று கலந்தன. லுவா தலையைச் சாய்த்து அம்மாவின் குரலை மட்டும் பிரித்துக் கேட்டாள்.

"...ஹா ஊர், குளத்துக்குக் கிழக்க, ரெண்டு மாடி வீடு. பாம்பு வருஷத்துப் பிள்ளை கியெம். அவன் லாரிக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. அவன் பிள்ளைங்க நல்லா இருக்கணும். ஐயா, அன்னிக்கு அவனைக் குடுத்த மாதிரி என்னிக்கும் அவனைக் குடு..."

அவ்வளவுதான். புலி வருஷம் வரவே இல்லை. லுவா என்ற பெயரும் வரவில்லை. ரெண்டு மாடி மட்டும் வந்தது.

அம்மா மூன்று தடவை விழுந்து கும்பிட்டு எழுந்தாள்.

"ஆச்சா, மீட்டுட்டீங்களா?" என்றாள் துறவியம்மா.

"ஆச்சு," என்றாள் அம்மா.

வெளியே மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தில் லுவா அம்மாவை ஒரு தூணோரம் நிறுத்தினாள்.

"உள்ள நீ சொன்னதைக் கேட்டேம்மா."

அம்மா வெற்றிலைச் சாற்றைத் துண்டில் துடைத்துக்கொண்டாள். "ஜோசியர் அன்னிக்கே சொல்லிட்டாரு. புலியும் பாம்பும் ஒரே கூரையில ஒத்துக்காது. உன்னைத் திரும்ப வாங்கினா அவன் தங்க மாட்டான்னாரு. உங்கப்பா அழுதாரு. நான் என்ன செய்வேன்?"

"நான் தங்கினா போதாதா?"

"நீதான் ஐயாகிட்ட நல்லா இருக்கியே. ஒரு காய்ச்சல் வந்ததா உனக்கு? கடல் தாண்டிப் போய் வந்த. உன்னை ஐயா பாத்துக்கிட்டாரு. அவனைப் பாத்துக்க நான்தான இருக்கேன்."

இதில் எங்கேயும் பொய் இல்லை என்பது அம்மாவின் முகத்தில் தெரிந்தது. அதைத்தான் லுவாவால் தாங்க முடியவில்லை.

துறவியம்மா தட்டுப் பிரசாதத்தைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். சோற்றையும் பழத்தையும் அம்மா பத்திரமாகத் தன் பையில் வைத்தாள். "கியெம் பிள்ளைங்களுக்கு," என்றாள்.

இறங்கும்போது ரோப் காரில் அவர்கள் இருவர் மட்டும்தான். நடுவழியில் கம்பி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. அம்மா பயந்து லுவாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன் அடித்தது. அம்மா பிடியை விடாததால் லுவாதான் எடுத்தாள்.

"என்ன அக்கா, மீட்டாச்சா?" என்று கேட்டான் கியெம். பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது.

"ஆச்சு. உன்னைத்தான். ரெண்டாவது தடவையா."

"என்ன சொல்ற?"

அவள் போனை அம்மாவின் மடியில் வைத்தாள். கார் மறுபடி நகரத் தொடங்கியது. அம்மா இன்னும் கையை விடவில்லை.

"என்னைத் திட்டும்மா," என்றாள் லுவா. "ஒரே ஒரு தடவை. சனியனே, உன்னால என் நிம்மதி போச்சுன்னு ஏதாவது சொல்லு. கன்னத்துல ஒண்ணு வையி. கியெமை அடிப்பியே, அந்த மாதிரி."

அம்மா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"உன்னை எப்படித் திட்டுவேன்?" என்றாள் மிக மரியாதையாக. "நீ அவர் பிள்ளை. பாவம் வந்துரும்."

பிறகு பையைத் திறந்து, பேரப்பிள்ளைகளுக்கு வைத்திருந்ததிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து அவளிடம் நீட்டினாள். கீழே மேகம் விலகி, பஸ்களும் டீக்கடைகளும் தெரிந்தன, காலையில் சொன்னபடி இறங்கி வருகிறவர்களுக்காகக் காத்து நிற்கும் கோல்காரியும் தெரிந்தாள்.

லுவா பழத்தை வாங்கிக்கொண்டாள். உரிக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் பையில் திருப்பி வைத்துவிட வேண்டும், எண்ணிக்கை குறைந்தால் பிள்ளைகள் சண்டை போடும் என்று நினைத்துக்கொண்டாள்.