சின்னவரின் கை

இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடப்பதைத் திரையில் பார்த்ததும் பேராசிரியர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். எனக்குச் சந்தேகம்தான் வந்தது.

முப்பது வருடமாக ஒரே மக்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு எங்களுடையது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முகாம் போட்டு எடை, ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பார்கள். யாருக்கு எந்த வயதில் என்ன வருகிறது, யாருக்கு ஏன் வராமல் போகிறது என்று தெரிந்துகொள்ளத்தான். அத்தனை பேருடைய விவரங்களும் வந்து சேரும் மென்பொருளை எழுதிப் பராமரிப்பது என் வேலை. பழைய கணினிகளில் சிதறிக் கிடந்ததையெல்லாம் புதிய மென்பொருளுக்கு மாற்றியதும் நான்தான். மாற்றி முடித்ததும் பேராசிரியர் முதலில் கேட்டது இரட்டையர்களின் வரைபடங்களை. அதில் ஓர் அண்ணன் தம்பி ஆரம்பத்தில் தள்ளித் தள்ளித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசி மூன்று முகாம்களில் அச்சு அசலாக ஒன்றாகிவிட்டிருந்தார்கள்.

"வயசாக ஆக உடம்பு ஒண்ணாயிடுது பாரு!" என்றார். கட்டுரைக்குத் தலைப்பே யோசித்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

எனக்குத் தோன்றியது வேறு. ஒரே பிறந்த தேதி, ஒரே தெரு, ஒரே தகப்பன் பெயர். என் நிரல் இவர்களை ஒரே ஆள் என்று நினைத்து, ஒருவர் விவரத்தை மற்றவர்மேல் எழுதிவிட்டதோ? அப்படியானால் இவர்களோடு நிற்காது. யாரை யாரோடு கலந்து வைத்திருக்கிறேனோ! அந்த வாரம் முழுக்க நிரலை வரிவரியாகக் கிண்டினேன். சாப்பாடு இறங்கவில்லை. கணவர் எதைக் கேட்டாலும் "ம்" என்றேன். "சுவத்துக்கிட்ட பேசினாக்கூட எதிரொலியாவது வரும்" என்று அவர் எழுந்து போய்விட்டார். பிழை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

கடைசியில் பேராசிரியரிடம் என் பயத்தைச் சொல்லி, அந்த இருவரையும் நேரிலேயே பார்த்துவிடுகிறேன் என்றேன். முகாம் நர்ஸையும் கூட அனுப்பினார். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன பெண்.

ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட இரண்டு சின்ன வீடுகள். சேர்ந்து சைக்கிள் கடை நடத்தி ஓய்ந்தவர்கள். தெருவுக்கே பெரியவர், சின்னவர்தான். பிறந்ததில் சில நிமிட வித்தியாசம். பெரியவர் அதை ஒரு தலைமுறை வித்தியாசம்போல வைத்துக்கொண்டிருந்தார். அதே மூக்கு, அதே வழுக்கை. சின்னவர் மட்டும் கொஞ்சம் இளைத்திருந்தார்.

"போன முகாமுக்கு ரெண்டு பேரும் ஒண்ணாவா வந்தீங்க?" என்று நர்ஸ் சாதாரணமாகத்தான் கேட்டார். பெரியவர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். தண்ணீர் கொண்டுவந்த அவர் மனைவி செம்பை நங்கென்று வைத்தார்.

"இன்னும் என்ன முழிக்கிறீங்க? சொல்லித் தொலைங்க. ரெண்டு தடவையும் இவர்தாம்மா வந்தாரு. முதல் நாள் வெள்ளைச் சட்டை, மறுநாள் நீலச் சட்டை. அதுக்கு முந்தின ரெண்டு முகாம்லயும் இதே கூத்துதான்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. ஒரு வாரப் பாரம் அப்படியே இறங்கியது. பெரியவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சிரிக்காதம்மா. ஒரே வயித்துல கெடந்தவங்கதானே, ரத்தம் மட்டும் வேறயாவா இருக்கும்னு நினைச்சேன். இவன் வரமாட்டேன்னுட்டான். வரலைன்னா பேரை அடிச்சிடுவாங்க. சேந்து ஆரம்பிச்சது, இவனை மட்டும் எப்படி விட்டுட்டு வர்றது?"

சின்னவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவளுக்கும் ரத்தம் எடுத்துத்தான் கண்டுபிடிச்சாங்க" என்றார். "எடுக்கிற வரைக்கும் நல்லாத்தான் இருந்தா."

இறந்துபோன மனைவியைச் சொல்கிறார் என்பது அண்ணியின் முகம் மாறியதில் புரிந்தது. என் சிரிப்பு நின்றுவிட்டது. நர்ஸ் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இஷ்டமில்லைன்னா வேணாம்னு சொல்லலாங்கய்யா. அதுக்காகப் பேரையெல்லாம் எடுக்கமாட்டாங்க" என்று என்னைப் பார்த்தார்.

"ஆமாங்கய்யா. 'இந்தத் தடவை வேணாம்'னு கம்ப்யூட்டர்லயே ஒரு கட்டம் போட்டு வச்சிருக்கேன்."

"அப்புறம்?" என்றார் சின்னவர்.

"அடுத்த தடவை மறுபடி கேப்போம்."

"அப்பவும் வேணாம்னா?"

"அதுக்கடுத்த தடவை கேப்போம்."

"விடவே மாட்டீங்க."

"மாட்டோங்கய்யா."

சின்னவர் முதல்முறையாகச் சிரித்தார்.

நான் வெளியே வந்து பேராசிரியரைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னதும் அவர் கேட்டார்: "அப்ப, வயசாக ஆக ஒண்ணாகலை?"

"இல்லைங்க சார். சட்டையை மாத்திக்கிட்டு வந்திருக்காரு."

அவர் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. "கட்டுரை போனாப் போகட்டும். எதையும் அழிச்சிடாதே. அது மூணும் பெரியவரோட ரத்தம்னு குறிச்சு வை. மத்த இரட்டையர்களையும் ஒரு தடவை பாத்துடு, யார் யார் சட்டை மாத்தினாங்களோ!"

உள்ளே போனபோது சின்னவர் தானாகவே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டிருந்தார். யாரும் கேட்கவில்லையாம். நர்ஸ் ஊசியை எடுத்ததும் பெரியவர் இறுகக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நீ ஏண்ணே கண்ணை மூடுறே? குத்துறது எனக்கு."

"பாக்க முடியலடா."

குழாயில் ரத்தம் ஏறுவதைச் சின்னவர் கடைசிவரை கண்கொட்டாமல் பார்த்தார். "எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

"அடுத்த வாரம். என்னவா இருந்தாலும் நானே வந்து சொல்றேன்" என்றார் நர்ஸ். அவர் தலையை ஆட்டினார். நர்ஸ் பஞ்சை வைத்துக் கையை மடக்கிவிட்டார்.

தண்ணீர் குடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினோம். சின்னவரும் வாசல்வரை வந்தார்.

"போதுங்கய்யா, கையை நீட்டிக்கலாம்" என்றார் நர்ஸ்.

"இருக்கட்டும்மா."

நாங்கள் தெருமுனை திரும்பும்வரை, மடக்கிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு, மறு கையை ஆட்டியபடியே நின்றார்.