எல்லோருக்கும் பன்னிரண்டு

திரையில் பதினோராயிரத்து இருநூறு என்று வந்ததும், போட்டி நடுவராக நின்ற கொழுந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அண்ணியைப் பார்த்துச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. மைக்கைப் பார்த்துச் சொன்னான்.

"நாலாம் நம்பர் படகு வரம்பை மீறியிருக்கு. போட்டியிலேருந்து நீக்கப்படுது. இது ஏமாத்து வேலை."

நாலாம் நம்பர் அவள் படகு. ஏமாற்று வேலையாம்! குளக்கரையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது. பதினெட்டு வருஷமாகத் தண்ணீர் பம்பு மோட்டார்களைப் பிரித்துப் பூட்டிப் பிழைப்பவள். அதனால்தான் இந்த ரிமோட் படகுச் சங்கத்தில் அவளுக்கு 'மோட்டார் அக்கா' என்று பெயர். இங்கே நிற்பவர்களில் பாதிப்பேர் வீட்டு பம்பு அவள் கைபட்டதுதான். ஏமாற்றுக்காரி என்று ஆன பிறகு யார் கூப்பிடுவார்கள்?

மோட்டார் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றைத் தாண்டக் கூடாது, அதுதான் விதி. போட்டிக்கு முன்னால் படகைத் தொட்டித் தண்ணீரில் பிடித்துக்கொண்டு முழுவேகம் கொடுப்பார்கள். மோட்டார் ஒயரில் மாட்டிய நகத்தளவு சென்சார், சுற்று எத்தனை என்று ரிமோட்டின் திரைக்கு அனுப்பும். இதையே அவள் பட்டறையில் வேறு மீட்டர் வைத்து மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். மூன்று தடவையும் ஒன்பதாயிரத்து அறுநூறு.

"தம்பி, அந்த ரிமோட்டுல காந்தம் எத்தனைன்னு வச்சிருக்கீங்க?"

"பன்னெண்டு, அண்ணி."

"என் மோட்டார்ல பதினாலு."

"எல்லாருக்கும் பன்னெண்டுதான். ஆளுக்கு ஒண்ணா மாத்தினா அது நியாயமா? தலைவர் வந்த நாள்லேருந்தே அப்படித்தான்."

நியாயத்தைப் பாருங்கள்! அந்த சென்சார் சுற்றை எண்ணுவதே இல்லை. ஒயரில் வரும் மின்துடிப்பைத்தான் எண்ணுகிறது. காந்தம் கூடினால் ஒரு சுற்றுக்குத் துடிப்பும் கூடும். எத்தனை காந்தம் என்று நாம் சொன்னால்தான் வகுத்துச் சரியான கணக்கைக் காட்டும். சங்கத்தில் பலரும் ஒரே கடையில் ஒரே மோட்டார் வாங்கியதால் பன்னிரண்டு என்று வைத்துவிட்டு, அதையே சட்டமாக்கியிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே அளவில் செருப்பு வாங்கிப்போட்டுவிட்டு, கடித்தால் உன் கால்தான் கோணல் என்று சொல்வதுபோல.

சங்கத் தலைவர் பல் டாக்டர். இரண்டு வருஷமாகக் கோப்பை அவர் வீட்டில்தான் இருக்கிறது. சிரித்துக்கொண்டே வந்தார்.

"மெஷின் பொய் சொல்லாதும்மா. மாட்டிக்கிட்டா ஒத்துக்கணும்."

அவள் ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். இரண்டே நிமிஷத்தில் மோட்டாரைக் கழற்றி, மேல்மூடியை உருவி, கொழுந்தன் கையில் வைத்தாள்.

"உள்ள விரலை விட்டு எண்ணுங்க. சத்தமா."

எண்ணினான். பதினாலு. நம்பாமல் மறுபடி எண்ணினான். அப்போதும் பதினாலு. ரிமோட்டில் எண்ணை மாற்றி, மோட்டாரைப் பூட்டி மறுபடி ஓட்டியதும் திரையில் ஒன்பதாயிரத்து அறுநூறு வந்து நின்றது.

"சரி சரி, அம்மாவும் ஓட்டட்டும். நேரமாகுது" என்றார் டாக்டர்.

"இருங்க டாக்டர். உங்க மோட்டார்ல எத்தனை?"

"அதையெல்லாம் யாரு எண்ணிக்கிட்டிருக்கா?"

எண்ண வேண்டிய அவசியமே இல்லை, மோட்டார் மேலேயே சீட்டில் எழுதி ஒட்டியிருந்தது. பத்து. காலையில் அவருடைய ஒன்றாம் நம்பர் படகுக்குத் திரை காட்டியது ஒன்பதாயிரத்து ஐந்நூறு. கொழுந்தன் பத்து என்று மாற்றிவிட்டு முழுவேகம் கொடுத்தான். பதினோராயிரத்து நானூறு! கரையில் யாரோ விசிலடித்தார்கள்.

டாக்டரின் சிரிப்பு கொஞ்சம்தான் சுருங்கியது.

"அட, தெரியாம நடந்துபோச்சு. விட்டுத்தள்ளுங்க. எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரி."

அவளுக்கு வந்ததே கோபம்!

"அதே திரை, அதே தப்பு. எனக்குன்னா ஏமாத்து வேலை, உங்களுக்குன்னா தெரியாத்தனமா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா, நீ தெரியாம செஞ்சியான்னு?"

கொழுந்தன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு மைக்கை எடுத்தான்.

"ஒண்ணாம் நம்பர் படகு வரம்பை மீறியிருக்கு. போட்டியிலேருந்து நீக்கப்படுது."

அதோடு நிறுத்திக்கொண்டான். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"மீதியையும் சொல்லுங்க, தம்பி."

அவன் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னான்.