குடத்தில் விழுந்த கொலைகாரன்

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் நிஜம். உத்திரமேரூர் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கிழக்கே பார்த்து, ஈர வேட்டியோடு சத்தியம் செய்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஏரியில் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. அதனால் பக்கத்துக் கழனியின் மோட்டார்த் தொட்டியில் நின்றேன். சத்தியம் சத்தியம்தான்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். நான் அப்போது பவளம் டாக்கீஸில் டிக்கெட் கிழிப்பவன். கட்டடம் முனிரத்தினத்தினுடையது, பவளம் அவரைப் பெற்ற அம்மா. முனிரத்தினத்துக்கு நிலம் நிறைய, பேச்சு குறைவு, மீசை மிக அதிகம். மீசை முதலில் வாசலில் நுழையும், அவர் சற்றுப் பொறுத்து வருவார். டாக்கீஸைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் பீர் முகம்மது பாய். வளையல் கடை வைத்து நன்றாக இருந்த மனுஷன். "இந்த ஆளு எங்கிட்ட ஒரு நிக்காஹ், அந்த வெள்ளைத் துணிகிட்ட ஒரு நிக்காஹ் பண்ணிக்கினு கீறாரு" என்று அவர் மனைவி வகிதாம்மா சொல்லும். துணி என்றது திரையை.

டாக்கீஸை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்ட வேண்டும் என்று முனிரத்தினத்துக்கு ஆசை. ஒரு வெள்ளிக்கிழமை வந்தார்.

"பாய், உன் படத்துக்கு வர்றவன்லாம் பாதியில எழுந்து பூட்றான். ஒரே ஒரு ஷோ, ஒருத்தன்கூட நடுவுல எழுந்து போவாம ஓட்டிக் காட்டு. நான் மண்டபத்தை மறந்துட்றேன். ஞாயித்துக்கிழம வரைக்கும் டைம்."

"முடியலன்னா, மொதலாளி?"

"திங்கக்கிழம கடப்பாறையோட ஆளு வரும்."

அன்றைக்குப் பார்த்துப் பெட்டியில் வந்து இறங்கிய படம் 'மரண பாஸ்வேர்டு'. கம்ப்யூட்டரில் சீட்டாடுகிற கதை. வினோத் என்று ஒரு பையன் ஆன்லைனில் ஆடி அம்மாவின் தாலி வரைக்கும் தோற்று, ஒரு நாள் பிணமாகக் கிடக்கிறான். அவனுடைய அண்ணன் போலீஸ். சூதாட்டக் கும்பலுக்குத் தலைவன் யார், தம்பியைக் கொன்றது யார் என்று அண்ணன் படம் முழுக்கத் தேடுகிறான். அந்தக் குடும்பத்துக்கு வேண்டிய பெரியவர் தர்மலிங்கம். நெற்றி நிறையச் சந்தனம், ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை, எதற்கெடுத்தாலும் ஒரு சிரிப்பு.

அந்த ஆள் முதல் தடவை சிரித்ததுமே தரை டிக்கெட்டில் ஒரு குரல், "இவன்தான்." பெஞ்சு டிக்கெட், "இவனேதான்." அதற்கப்புறம் சனம் வசனத்தை நடிகர்களுக்கு முன்னால் பேச ஆரம்பித்தது. ஒரு கட்டத்தில் தர்மலிங்கமாக நடித்தவர் சொல்ல வந்ததை நிறுத்தி, திரையிலிருந்து எங்களை ஒரு முறை முறைத்துவிட்டு, மிச்சத்தைச் சொன்னார். நான் பார்த்தேன். இடைவேளையில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றுவிட்டார்கள்.

சனிக்கிழமை வந்தவர்கள் நான்கு பேர். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

பாய் டிக்கெட் கவுன்டரில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். ஆப்பரேட்டர் சாமுவேல் பீடியோடு நின்றான். முறுக்குக் கடை சிட்டம்மாள் ஆறின டீயைக் குடித்துக்கொண்டே கேட்டது:

"சாமுவேலு, அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள சீட்டாட்றானுங்களே, சீட்டைக் கலைக்கிறது யாரு? அதுக்குள்ள கை கீதா?"

"கையெல்லாம் இல்லக்கா. அதுவே கலைச்சிக்கும்."

"அப்ப நீ இந்தப் படத்தைக் கலையேன். கையி வச்சிக்கினு சும்மா தான கீற?"

சாமுவேல் பீடியைக் கீழே போட்டான். படம் பதினாலு ரீல். எங்கள் டாக்கீஸில் ஒரே ஒரு புரொஜெக்டர். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு, அடுத்ததை மாட்ட வேண்டும். எந்த ரீலை மாட்டுவது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

"குடவோலை போட்டுடலாம்" என்றேன் நான்.

எங்கள் ஊரில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி ஊர் சபைக்கு ஆள் எடுத்ததைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். சீட்டு குலுக்குவதில் எங்களுக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் சர்வீஸ். பாய் மட்டும் தயங்கினார்.

"சூது நமக்கு ஆவாது, வரதா."

"ரீல் எடுக்கறது சூது இல்ல, பாய். நிர்வாகம்."

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து ஆட்டோவில் மைக் கட்டிச் சுற்றினோம். 'கொலைகாரன் யார்? குடம் சொல்லும்.' மாகறலிலிருந்து டிராக்டரில் வந்தார்கள். தாமல்காரர்கள் ஏரியில் மீன் பிடித்த வலையோடு வந்து, வலையைச் சைக்கிள் ஸ்டாண்டில் வைத்து டோக்கன் கேட்டார்கள். நெருக்கடியில் நான் கிழித்த டிக்கெட் துண்டு முழங்கால் வரை வந்து, நகர முடியாமல் நின்றேன்.

முனிரத்தினம் முன்வரிசைச் சேரில் வந்து அமர்ந்தார். குடத்தை நாங்கள் ஏமாற்றுவோம் என்று சந்தேகப்பட்டு, அதை அவரே வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். கொல்லைக்குப் போவது கணக்கில் வராது, இரும்புக் கேட்டைத் தாண்டினால்தான் கணக்கு என்று பேச்சு.

"மொதலாளி யாரைச் சொல்றீங்க?" என்றது சிட்டம்மாள்.

"தர்மலிங்கம்தான். வெள்ளிக்கிழமையே பாத்துட்டேன். இதுல இன்னா கீது? என் மீசையே வைக்கிறேன்."

"நான் செத்தானே அந்தப் பையன், வினோத்து, அவனைச் சொல்றேன். நான் தோத்தா ஆயுசுக்கும் உனக்கு முறுக்கு ஓசி."

"செத்தவன் எப்டிம்மா கொலைகாரன் ஆவான்?"

"உயிரோட கீறவனைச் சொன்னா சண்டைக்கு வருவான். இவன் வர மாட்டான்."

பாய் இது எதுவும் காதில் விழாத மாதிரி விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சிட்டம்மாள் குடத்தில் கையை விட்டு முதல் ஓலையை எடுத்து, திரைக்கு முன்னால் இருந்த மேடையில் ஏறிக் காட்டியது. பன்னிரண்டாம் ரீல். விளக்கு அணைந்தது. எடுத்த எடுப்பில் தர்மலிங்கம் கைவிலங்கோடு அழுதுகொண்டே போலீஸ் ஜீப்பில் ஏறினார். முனிரத்தினம் மீசையை முறுக்கினார்.

அடுத்த ஓலை, மூன்று. அதே தர்மலிங்கம் கோயில் வாசலில் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை கொடுத்துச் சிரித்தார்.

"வுட்டுட்டாங்கடா. நிரபராதி" என்றது தரை டிக்கெட்.

முனிரத்தினத்தின் கை மீசையில் நின்றுவிட்டது.

அப்புறம் என்ன நடந்தது என்று சொல்ல எனக்கு இன்னொரு வாய் வேண்டும். போலீஸ்காரனுடைய தம்பி வினோத்தின் பிணம் கிடந்தது. அடுத்த ரீலில் அவன் காலேஜ் பஸ்ஸில் ஏறினான். அண்ணன் தலையில் கட்டோடு வந்தான். இரண்டு ரீல் கழித்துத்தான் யாரோ கட்டையால் அடித்தார்கள். "அடி வுழும்னு மொதல்லயே தெரிஞ்சி கட்டு போட்டுக்கினு வந்துக்கீறான். இவனும் கூட்டு" என்று மாகறல்காரர் ஒருவர் எழுந்து நின்று விளக்கினார். ஐந்தாவது ஓலைக்குக் கதாநாயகிமேல் சந்தேகம். ஏழாவதுக்குத் தாலியை இழந்த அம்மாமேல். ஒன்பதாவதில் கதாநாயகி பனிமலையில் பாடிய பாட்டைக்கூட யாரும் பீடி குடிக்க எழுந்திருக்காமல் உற்றுப் பார்த்தார்கள், மலைக்குப் பின்னால் எவனாவது ஒளிந்திருக்கிறானா என்று. ஒவ்வொரு தடவை விளக்கு போடும்போதும் ஐந்நூறு பேரும் மூச்சைப் பிடித்தார்கள். அந்த மூச்சு இழுப்பில் திரை முன்பக்கமாக உப்பி வந்தது. சாமுவேல் ஃபோகஸைத் திருத்த வேண்டியிருந்தது.

பதின்மூன்று ரீல் முடிந்தது. குடத்தில் மிச்சம் ஒரே ஓலை, முதல் ரீல். அதில் என்ன இருக்கிறது என்று சாமுவேலைத் தவிர ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. எங்கள் பக்கத்தில் மாட்டைக் கறந்து, பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டுத்தான் சினிமாவுக்கு வருவார்கள். எந்தப் படத்துக்கும் முதல் ரீலை யாரும் பார்த்ததில்லை. கூட்டம் வரும் நேரத்தில் டிக்கெட் கிழிக்கும் நானும் பார்த்ததில்லை. அன்றைக்கு முதன்முறையாக ஊர் முழுக்க உட்கார்ந்து முதல் ரீல் பார்க்கப் போகிறது.

முனிரத்தினம் குடத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். நடந்தார். யாரும் நடுவில் போகக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. அவரே போனாலும் போனதுதான். பாயின் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடி, உதடு மட்டும் அசைந்தது.

"போ, மொதலாளி" என்றது சிட்டம்மாள் மேடையிலிருந்து. "மீசைய மட்டும் இங்க வச்சிட்டுப் போ. முடிவு பாக்காம ஓட்றவன் தோத்தவன்தான். தர்மலிங்கமே மாட்டினாலும் நீ வெளிய நின்னு ஜெயிக்க முடியாது."

முனிரத்தினம் ஒரு காலைக் கேட்டுக்கு வெளியே வைத்தார். அந்த நேரம் விளக்கு அணைந்தது. உள்ளே பிறந்தநாள் பாட்டு. மனுஷன் கழுத்து திரும்பியது. கழுத்தைத் தொடர்ந்து தோள்.

"பாயி, ஒரு கால் தாண்டினா கணக்கா?" என்று இருட்டில் கிசுகிசுத்தேன்.

"ஷ்" என்றார் முனிரத்தினம். என்னைத்தான். "படம் ஓடிக்கினு கீது." காலை உள்ளே எடுத்தார். நான் கேட்டைச் சாத்திவிட்டேன்.

திரையில் வினோத், கொழுகொழுவென்று, உயிரோடு. கையில் கேக் வெட்டுகிற கத்தி. அண்ணன், அம்மா, தர்மலிங்கம் எல்லோரும் சுற்றி நின்று கை தட்டுகிறார்கள். அவன் புதுக் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொடுத்து, "அம்மா, இனிமே பாரு, இந்த ஊரே என் கையில" என்று சிரித்தான். ரீல் முடிந்தது. படமும் முடிந்தது.

விளக்கு எரிந்தது. பிறகு மாகறல்காரர் மெதுவாகச் சொன்னார், "செத்த மாதிரி நடிச்சிக்கீறான். எல்லாரையும் முட்டாளாக்கிட்டு உக்காந்து கேக்கு வெட்றான், பாரு." ஐந்நூறு பேரும் எழுந்து கை தட்டியதில் கூரையில் நாலு ஓடு இடம் மாறி உட்கார்ந்தது. அதற்கப்புறம் மழைக்கு ஒழுகவில்லை.

மீசையை மேடையிலேயே எடுத்தார்கள். இரண்டு கத்தி மழுங்கியது. முனிரத்தினம் உதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு பாயிடம் வந்தார். எல்லோரும் விலகினார்கள்.

"பாய், மண்டபம் கெடக்கட்டும். நாளைக்கு யாரு கொலைகாரன்?"

"குடத்தைத்தான் கேக்கணும், மொதலாளி."

"எனக்கு அதே முன்வரிசைச் சேரை எடுத்து வையி. அந்தம்மாகிட்ட மீசையத் திருப்பணும்."

பாய் திரும்பித் திரையைப் பார்த்தார். தொட்டுக்கூடப் பார்த்தார். பிறகு, வீட்டுக்குப் போய் வகிதாம்மாவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று செருப்பு போடாமல் ஓடினார்.

பவளம் டாக்கீஸை இடித்துவிட்டுக் கட்டிய மண்டபத்தில் நடந்த முதல் கல்யாணம் என் மகள் தமிழ்ச்செல்வியுடையது. அது அந்தப் படம் வெளியாவதற்கு இரண்டு வருஷம் முன்பு, வைகாசி மாதம். என் கதைக்கும் ரீல் வரிசையைக் குடம்தான் சொன்னது.