தண்டு நீக்கிய புல்

ஆஸ்பத்திரி கேன்டீனில் அவளுக்குக் கீரையக்கா என்று பேர். பதினோரு வருஷமாக அங்கே கீரை ஆய்வதுதான் வேலை. காலை ஆறு மணிக்கு ஈரச்சாக்கில் வந்து இறங்கும் கட்டுகளை எட்டு மணிக்குள் முடித்துவிடுவாள். இலை இந்தப் பக்கம், தண்டு அந்தப் பக்கம். பல்லில் நார் சிக்கியது என்று இதுவரை ஒரு நோயாளியும் வாயைத் திறந்ததில்லை. தூக்கத்தில்கூட அவள் விரல்கள் போர்வை நுனியைக் கிள்ளிக்கொண்டிருக்கும் என்று கல்யாணமான புதிதில் புருஷன் கேலி செய்வான். அந்தப் புருஷன் இப்போது ஊரின் இன்னொரு மூலையில், இன்னொரு வீட்டில் இருக்கிறான். பதினாலு வயது மகளும் அவனோடுதான்.

கீரையக்கா வீட்டில் மிச்சமிருந்தவை இரண்டு முயல்கள். மகள் ஆசைப்பட்டு வளர்த்தவை. வெள்ளை முயல் பஞ்சு. உடம்பெல்லாம் கறுப்பும் கழுத்தில் மட்டும் வெள்ளையுமாக இருந்தது வக்கீல். முயல் நாறும், வீட்டுக்குள் வரக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டதால் இரண்டும் இங்கேயே தங்கிவிட்டன. ஒன்று விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மகள் வருவாள். செருப்பைக் கழற்றும்போதே, "பஞ்சு சாப்ட்டுச்சாம்மா?" என்பாள். நீ சாப்பிட்டாயா என்று கேட்டது கிடையாது. கீரையக்கா ஒன்றும் விவரம் தெரியாதவள் அல்ல. முயல் இருக்கும்வரை மகள் வருவாள், முயல் போனால் மகளும் போய்விடுவாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் முயல் சாப்பாட்டு விஷயத்தில் அவளை யாரும் ஏய்க்க முடியாது. வளர்ப்புப் பிராணிகள் கடைக்காரன் ஒரு பளபளப்பான பாக்கெட்டை நீட்டினான். அமுக்கிச் செய்த தீவன உருண்டையான பச்சைப் பெல்லட்டோடு மஞ்சளும் சிவப்புமாக என்னென்னவோ உருண்டைகள், நடுவே சூரியகாந்தி விதைகள்.

"இதான் மேடம் நல்லா ஓடுது."

"கடையில ஓடுது. வயித்துக்குள்ள போய் என்ன பண்ணும்?"

அவன் முழித்தான். பாக்கெட்டைத் திருப்பிப் படித்தாள். நார்ச்சத்து ஒன்பது சதவீதம் என்று எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. அதில் பாதிகூடத் தேறாது என்று வைத்துவிட்டாள். கால்நடை மருத்துவமனையில் இலவசமாகக் கொடுத்த துண்டுப்பிரசுரம் அவளுக்கு மனப்பாடம். பெல்லட் ஒரே நிறமாக, விதை கலக்காமல், நார்ச்சத்து பதினெட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதுவும் கொஞ்சமாகத்தான். வயிற்றை நிரப்ப வேண்டியது காய்ந்த புல்.

நாலு வாரம் அலைந்து, சந்தைக்குப் பின்னால் மாட்டுக்கும் குதிரைக்கும் தீவனம் விற்கிற கடை ஒன்றைக் கண்டுபிடித்தாள். கடைக்காரர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தார்.

"முயலுக்கா? எத்தனை நூறு வெச்சிருக்கீங்க?"

"ரெண்டு."

"ரெண்டு முயலுக்கு நான் மூட்டை பிரிக்கணுமாம்மா?" என்று சிரித்தார். சிரித்து முடித்து, கோழித் தீவனத்தைக் காட்டினார். "இது பாதி விலை. எல்லாம் ஒண்ணுதான், உருண்டைதானே."

"கோழிக்குக் கலக்கற மருந்து முயலைக் கொன்னுடும். அது தெரியாதா உங்களுக்கு?"

அவர் துண்டை அவிழ்த்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்சவங்களா நீங்க?"

"இல்ல. கீரை ஆயறவ."

அதற்குப் பிறகு அவர் வாலாட்டவில்லை. வைக்கோலைத் தள்ளிவிட்டுப் புல்கட்டைக் கேட்டாள். முழங்கை வரை உள்ளே விட்டு ஈரம் பார்த்தாள். ஒரு பிடி உருவி முகர்ந்தாள், உதறித் தூசி பார்த்தாள், கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்தாள். மூன்றாவது கட்டுதான் தேறியது. விதை கலக்காத முயல் பெல்லட்டும் கொஞ்சம் அங்கேயே வாங்கினாள். பாக்கெட் விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. விஷயத்தைக் கேட்ட மகள், "சூப்பர்மா நீ" என்றாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் பதினைந்து நாள் பொழுது ஓட்டினாள்.

இவ்வளவு கெட்டிக்காரத்தனத்துக்கும் அவள் கையே வேட்டு வைத்தது. முதல் நாளே நியூஸ்பேப்பரை விரித்து, புல்லைக் கொட்டி, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். விரலைத் தண்டு குத்தியது. இந்தக் குச்சியை அந்தப் பிஞ்சு வாய் எப்படி மெல்லும்? இலை இந்தப் பக்கம், தண்டு அந்தப் பக்கம். ஒரு நார் விடாமல் ஆய்ந்து, பட்டு மாதிரி இருந்த இலையை மட்டும் போட்டாள். முயல்களும் சப்புக்கொட்டித் தின்றன. இலை போதாத நாளில் பெல்லட்டை இன்னும் ஒரு பிடி சேர்த்தாள். தண்டை ஆயாதீர்கள் என்று எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் எழுதியிருக்கவில்லை. இப்படி ஒருத்தி இருப்பாள் என்று எழுதினவருக்குத் தோன்றியிருக்காது.

எட்டு மாதம் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை பஞ்சுவின் தாடை நனைந்திருந்தது. வெயில் என்று நினைத்தாள். புதன்கிழமை அது சாப்பிட வந்து, முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. வியாழக்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டு, காய்கறிக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

டாக்டரம்மா சின்ன விளக்கை வைத்து வாய்க்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"புல் குடுக்கறீங்களா?"

"குடுக்காம என்ன டாக்டர்? கட்டாவே வாங்கி வெச்சிருக்கேன். பாருங்க." பையிலிருந்து ஒரு பிடி எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

டாக்டரம்மா அதைக் கிளறினார். "இதுல தண்டே இல்லையே?"

"எல்லாம் சுத்தமா ஆஞ்சு எடுத்துட்டுத்தான் போடுவேன்," என்றாள். அப்போதுகூட அவள் குரலில் பெருமைதான்.

டாக்டரம்மா விளக்கை அணைத்து வைத்தார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார். முயல் பல் சாகும்வரை வளரும். தண்டை அரைத்து அரைத்துத்தான் அது தேயும். தேயாத கடைவாய்ப்பல் ஊசியாக வளர்ந்து நாக்கைக் கிழித்திருக்கிறது. மயக்கம் கொடுத்துத் தேய்த்துப் பார்க்கலாம், ஆனால் குடல் ஏற்கெனவே இயங்காமல் நின்றுவிட்டது. "என்னால உறுதி சொல்ல முடியாதும்மா. வீட்ல இருக்கற இன்னொண்ணுக்காவது முழுப் புல்லைப் போடுங்க. அது பொழைச்சுக்கும்."

பஞ்சு மயக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. காலிக் கூடையோடு பஸ்ஸில் நின்றபடி தன் கைகளைப் பார்த்தாள். அந்தக் கைகள்மேல் அவளுக்கு அவ்வளவு வெறுப்பு வந்தது.

"வயசாயிடுச்சுன்னு சொல்லிடுக்கா," என்றார் மறுநாள் கேன்டீன் சமையல் மாஸ்டர். "பாப்பாவுக்கு என்ன தெரியப்போகுது?"

அவளும் அப்படித்தான் முடிவு செய்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து, கூண்டில் ஒற்றை முயலைப் பார்த்து, திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"வெயில் தாங்கலடி," என்றாள் கீரையக்கா.

மகள் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே நகர்ந்து வந்து அம்மா மடியில் தலையை வைத்தாள். இரண்டு வருஷமாக அந்தத் தலை அந்த மடிக்கு வந்ததில்லை. கீரையக்கா அதைத் தடவிக்கொடுத்தாள். பொய் சொல்லிவிட்டோமே என்று அவளுக்கு வருத்தமே வரவில்லை. சந்தோஷமாக இருந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம்.

அழுது ஓய்ந்ததும் மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். "வக்கீலுக்கு நான் போடறேம்மா." நியூஸ்பேப்பரை விரித்தாள், புல்லைக் கொட்டினாள், சம்மணம் போட்டாள். இலை இந்தப் பக்கம், தண்டு அந்தப் பக்கம். இத்தனை மாதம் பார்த்துப் பார்த்துப் படிந்த வேகம்.

கீரையக்கா புல்லின்மேல் கையை வைத்தாள். "ஆய வேணாம். அப்படியே போடு."

"ஏன்? குத்துமே."

"குத்தாது. போடு."

"நீதானே ஆயணும்னு சொன்னே? அங்க அப்பா வாங்கித் தரேன்னிருக்கற முயல்குட்டிக்கும் இப்படித்தான் ஆஞ்சு போடணும்னு வெச்சிருக்கேன்."

அப்பா மனம் மாறிவிட்டான் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். ஆனால் மகளின் விரல்கள் நிற்கவில்லை. அங்கே ஒரு குட்டியும் நாக்குக் கிழிந்து சாகும், ஏன் என்றே தெரியாமல் இந்தப் பெண் அழும்.

"வெயில் இல்லடி," என்றாள். "நான்தான்." பல்லைப் பற்றி, தண்டைப் பற்றி, டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். பூசி மெழுகவில்லை.

மகள் கத்தவில்லை. கையிலிருந்த தண்டுகளைப் பேப்பரில் வைத்தாள். எழுந்துபோய்க் காய்கறிக் கூடையை எடுத்து, வக்கீலை உள்ளே வைத்தாள்.

"இதை நான் கொண்டு போறேன். அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"கொண்டு போ," என்றாள் கீரையக்கா. வேறு என்ன சொல்வது? மிச்சப் புல்லை, தண்டும் இலையுமாக, சாக்கில் அமுக்கிக் கட்டினாள். பெல்லட் டப்பாவைத் தனியே ஒரு பையில் போட்டாள். தினமும் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்தாள்.

பஸ் நிறுத்தம் வரை சாக்கை அவளே சுமந்து வந்தாள். மகள் கூடைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்த தடவை எப்ப வருவே?"

மகள் நிமிர்ந்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"இதைத் தனியா விட்டுட்டு எப்படிம்மா வர்றது?" என்றாள்.