பச்சை வயர்

டீ ரூம் அக்காவுக்கு ஷாக் அடித்து நாற்பத்தொன்பது மணி நேரம் இருபது நிமிடம் ஆகியிருந்தது. அடித்தது செவ்வாய்க்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு. இப்போது வியாழக்கிழமை, பத்து மணி. பத்தரைக்கு அக்கா ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.

‘டோஸ்டர் ஓடிக்கொண்டிருந்தபோது கத்தியை உள்ளே விட்டேன். இது என் கவனக்குறைவு.’ தாளில் இருந்தது இந்த இரண்டு வரிதான். அக்காவை எங்களுக்கு அனுப்பியது ஓர் ஏஜென்சி. கவனக்குறைவு என்று கையெழுத்துப் போட்டவர்களை அவர்கள் வேறு எங்கேயும் அனுப்புவதில்லை. அது அக்காவுக்கும் தெரியும்.

எங்கள் அலுவலகத்தில் அளவுக் கருவிகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்போம். ஆஸ்பத்திரித் தெர்மாமீட்டர், மருந்துக் கடைத் தராசு, கொதிகலனில் மாட்டும் மீட்டர் எல்லாம் வரும். மொத்தம் எட்டுப் பேர். தலைமை சாருக்கு நாங்கள் வைத்த பெயர் தசமம். யாராவது கொஞ்சம் லேட்டாகிவிட்டது என்றால், கொஞ்சம் என்றால் எத்தனை நிமிடம் என்று கேட்பார். கெட்டவர் இல்லை. எழுதி வைக்காத எதையும் நம்ப மாட்டார், அவ்வளவுதான்.

அக்கா சொன்னதை யாரும் எழுதி வைக்கவில்லை. கத்தியை எடுத்தது வெண்ணெய் தடவ. குழாய்த் தண்ணீர் தெறிக்கிறதே என்று ஒரு கையால் குழாயை மூடிக்கொண்டு, இன்னொரு கையால் டோஸ்டரைத் தள்ளி வைக்கப் போயிருக்கிறார். அப்போது ஷாக் அடித்துத் தூக்கி எறிந்தது. அலமாரி முனையில் வலது மணிக்கட்டு மோதி எலும்பு முறிந்தது. எல்லோரும் ஓடி வந்தபோது கத்தி டோஸ்டருக்குப் பக்கத்தில் கிடந்தது. அக்கா பொய் சொல்கிறார் என்று யாரும் சொல்லவில்லை. கத்தியைப் பார்த்தார்கள், ஓஹோ என்றார்கள்.

வாரத்தில் இரண்டு நாள் டோஸ்டரின் அடித்தட்டை உருவி ரொட்டித் துகளைக் கொட்டுகிறவர் அக்கா. செய்யும் முன் ப்ளக்கைப் பிடுங்கிவிடுவார். ரொட்டி சிக்கினால் டோஸ்டர் ஆறும்வரை காத்திருந்து, கவிழ்த்துத் தட்டுவார். அவர் கத்தியை உள்ளே விட்டிருக்க மாட்டார் என்பதற்கு எனக்கு இந்தப் பழக்கமெல்லாம் தேவைப்படவில்லை. எனக்குக் காரணமே தெரியும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் டோஸ்டரைப் போட்டால் மெயின் சுவிட்ச் விழ ஆரம்பித்தது. லீவரை அழுத்தி நாற்பது விநாடி. டப். டீ ரூமோடு சேர்ந்து பக்கத்து அறையில் நான் தெர்மாமீட்டர் சோதிக்கும் வெப்பத் தொட்டியும் அணையும். அது நிலையான சூட்டுக்கு வர மூன்று மணி நேரம் ஆகும். ஒரே வாரத்தில் நான்கு தடவை அணைந்தது. ஐந்தாம் நாள் எல்லோருக்கும் முன்னால் வந்து டோஸ்டர் ப்ளக்கின் ஸ்க்ரூவைக் கழற்றினேன்.

கல்லூரி லேபில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மின் அலையைக் காட்டும் ஆசிலோஸ்கோப் திரையில் கோடு நடுங்கினால் அதன் எர்த்தைக் கழற்றிவிடுவோம். கோடு அசையாமல் நிற்கும். சீனியர்கள் செய்தார்கள், நாங்களும் செய்தோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதே கையோடு இங்கேயும் எர்த்தான பச்சை வயரைக் கழற்றினேன். முனையில் டேப் சுற்றி, மடித்து, ப்ளக்குக்குள்ளேயே வைத்து மூடினேன். அன்றிலிருந்து மெயின் விழவில்லை. டெக்னீஷியன் அண்ணன், டோஸ்டருக்கே நல்ல புத்தி வந்துவிட்டது என்றார். நான் சிரித்து வைத்தேன்.

மெயின் ஏன் விழுந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். உள்ளே சூடேறும் கம்பி தளர்ந்து போயிருந்தது. சூடானதும் தொங்கி வெளி உலோகத்தைத் தொட்டிருக்கிறது. எர்த் இருந்தவரை அந்த மின்சாரம் அதன் வழியே போய் மெயினை விழ வைத்தது. எர்த்தை எடுத்த பிறகு அது போக இடமில்லாமல் உலோகத்திலேயே நின்றது. யாராவது ஒரு கையால் டோஸ்டரையும் மறு கையால் குழாயையும் தொடும்வரை.

இதெல்லாம் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

புதன்கிழமை சார் என்னைக் கூப்பிட்டார். என் எழுத்து சுத்தமாக இருக்கும் என்பதால், டோஸ்டரைப் பயன்படுத்தும் முறையை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். பதினொரு குறிப்பு எழுதினேன். கை ஈரமாக இருக்கக் கூடாது. உலோகம் எதையும் உள்ளே விடக் கூடாது. ஜன்னல் திரைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. வெண்ணெய் தடவிய ரொட்டியைப் போடக் கூடாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ரொட்டி என்றால் சூட்டு அளவை ஒரு எண் கூட்டி வைக்க வேண்டும். எல்லாமே சரி. சார் படித்துவிட்டு ஒரு கமாவைத் திருத்தினார்.

வியாழன் காலை ஏழரைக்கே வந்துவிட்டேன். பையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. பச்சை வயரைத் திரும்ப மாட்டிவிட்டால் போதும். யார் போட்டுப் பார்த்தாலும் மெயின் விழும். டோஸ்டர்தான் கோளாறு என்று ஆகும். அக்கா தப்பிப்பார், என்னை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் டோஸ்டரை சார் தன் அறையில் வைத்துப் பூட்டியிருந்தார். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு என் மேஜைக்குப் போய் அன்றைக்குச் செய்ய வேண்டிய தெர்மாமீட்டர்களை வரிசையாக அடுக்கினேன்.

பத்து இருபதுக்கு அக்கா வந்தார். முழங்கைவரை மாவுக்கட்டு. தலையை ஒற்றைக் கையால் வாரியிருந்தது தெரிந்தது. என்னைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

சார் நியாயமாக நடக்க விரும்பினார். கையெழுத்துக்கு முன்னால் கருவியை ஒரு தடவை எல்லோர் முன்னாலும் போட்டுப் பார்த்துவிடலாம் என்றார். டோஸ்டரைத் தூக்கிக்கொண்டு டீ ரூமுக்கு வந்தோம். பழைய இடத்திலேயே, சிங்க் பக்கத்தில் வைத்தார்கள். டெக்னீஷியன் அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

“எனக்கும் அடிச்சா ரெண்டு நாள் லீவு குடுப்பீங்களா சார்?”

“விளையாடாத தம்பி. அது பக்கத்துல தொடாத,” என்றார் அக்கா.

“தொட்டாத்தானே அக்கா தெரியும்? கத்தி இல்லாம தொடறேன்.”

சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அண்ணன் இரண்டு துண்டு ரொட்டியைப் போட்டு லீவரை அழுத்தினார். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து விநாடி. கம்பி சிவந்தது. அண்ணன் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். இருபது. ரொட்டி வாசனை வந்தது. அண்ணன் வசதியாகச் சாய்ந்துகொள்ள இடது கையை எவர்சில்வர் சிங்க்கின் விளிம்பில் ஊன்றினார். முப்பது. சார் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்றார். அண்ணன் வலது கையைத் தூக்கினார். தொட்டுக் காட்டத்தான்.

நான் இரண்டு பேரை இடித்துக்கொண்டு போய் ப்ளக்கைப் பிடுங்கினேன்.

அண்ணனின் விரல் டோஸ்டர் மேல் பட்டது. ஒன்றும் ஆகவில்லை. சூடு மட்டும் சுட்டதுபோல, விரலை உதறிக்கொண்டார்.

“முப்பத்தெட்டு விநாடி,” என்றார் சார். “ஏம்மா நிறுத்தின?”

“பயமா இருந்துச்சு சார்.”

அது பொய் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். வாயே திறக்காத பெண் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதத்தில் பேசிய முதல் வார்த்தை இதுதான் என்று யாரோ சொன்னார். அண்ணன், பாவம் என்று என்னைப் பார்த்தார். சாரும் லேசாகச் சிரித்தார். அவ்வளவு நேரம் ஓடியதே போதும், கருவியில் குறை இல்லை என்று சொல்லிவிட்டுத் தாளைச் சிங்க் பக்கத்து மேடைமேல் வைத்தார். பேனா மூடியை அவரே கழற்றிக் கொடுத்தார்.

அக்கா பேனாவை இடது கையில் வாங்கினார். ஒரு தடவை தாளைப் படித்தார். உதடு அசைந்தது. பிறகு சாரிடம், தான் கத்தியை உள்ளே விடவில்லை என்று இன்னொரு தடவை சொன்னார். சத்தம் போடாமல், நேரம் சொல்வதுபோல. சார் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். அக்கா அங்கே பேனாவை வைத்தார். தாள் நழுவியது. மாவுக்கட்டால் அதை அழுத்தப் பார்த்தார், முடியவில்லை.

“பாப்பா, இதக் கொஞ்சம் புடிச்சுக்கோயேன்,” என்றார். “உன் கைதான் ஆடாது.”

பிடித்துக்கொண்டேன். என் ஆள்காட்டி விரலுக்குப் பக்கத்தில் அக்கா முதல் எழுத்தைப் போட்டார். சின்னப் பிள்ளை எழுதியதுபோல் கோணலாக வந்தது. இரண்டாவது எழுத்துக்குப் பேனாவைத் தூக்கினார்.

தாளை என் பக்கம் இழுத்தேன். பேனா மேடையில் ஒரு கோடு போட்டுக்கொண்டு போனது.

“என்னம்மா?” என்றார் சார்.

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவும்.

“அக்கா மேல தப்பு இல்ல சார். டோஸ்டரோட எர்த் வயரக் கழட்டினது நான்தான்.”